சோற்றுத் தண்ணீரும் குறுக்கே கிடந்த வள்ளமும்

சுகாதாரக் கல்விப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களிடம் கொஞ்ச நேரம் பேசச் சொன்னார்கள். கொஞ்ச நேரம் என்பது அவர்கள் சொன்னது. பேசுவதற்கு எனக்குச் சலிப்பே வராது. வேலைக் காலம் முழுவதும் மைக்கும் கையுமாக அலைந்தவள் நான். தாமிரபரணிக் கரையில் பாதி ஊர்களுக்கு என்னை 'மைக் டீச்சர்' என்றுதான் தெரியும். என் சொந்தப் பெயர் தெரிந்தவர்கள் சம்பளம் போட்ட கிளார்க்கும் என் வீட்டுக்காரரும்தான். அவரும் சமயத்தில் மறந்துவிடுவார்.

அந்தப் பெயர் கிடைத்தது சீவலப்பேரிப் பக்கம். டெங்கு பரவிய ஒரு மழைக்காலம். ஆட்டோவில் ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டு வயல்களை ஒட்டிப் போகிறேன். "கொசுப்புழு உற்பத்தி ஆதாரங்களைக் கண்டறிந்து அழிப்பீர்" என்று தாளில் இருப்பதை முழங்குகிறேன். நடவு நட்டுக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி இடுப்பில் கை வைத்து நிமிர்ந்தாள். "ஏ மைக் டீச்சரு, இம்புட்டுச் சத்தமா சொல்லுதியளே, கொசுவுக்கு வெளங்கிச்சாம்மா? எங்களுக்கு ஒண்ணும் வெளங்கல" என்றாள். வயலே சிரித்தது, ஆட்டோக்காரர் உட்பட. அடுத்த தெருவிலேயே, "கொல்லையில கெடக்கிற சிரட்டையைக் கவுத்துப் போடுங்கம்மா" என்று மாற்றிக்கொண்டேன்.

அது சின்னப் பாடம். எளிய தமிழில் பேசினால் போதும், வேலை முடிந்தது என்று அதன் பிறகு பல வருடம் இருந்தேன். அதற்கு மேலும் ஒன்று உண்டு என்று நான் கண்டது, ஆறு கடலில் சேருகிற இடத்தில். அதைத்தான் இன்று சொல்லப் போகிறேன். சொல்லும்போது எனக்கு உடம்பு சிலிர்க்கும். வயசான பொம்பளை என்று சிரிக்காதீர்கள்.

ஊர்ப் பெயர் வேண்டாம். புன்னக்காயலைப் போல இன்னொரு மீனவ ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் மாதா கோயில், அதைச் சுற்றி நெருக்கமாக வீடுகள், வீட்டுக்கு ஒருவராவது கடலில். நான் ஓய்வு பெறுவதற்குச் சற்று முன்னால், பெரிய மழை ஒன்று பெய்து ஆறு ஊருக்குள் வந்துவிட்டுப் போயிருந்தது. வெள்ளம் வடிந்த பிறகு எங்கோ குடிநீர்க் குழாய் உடைந்து சாக்கடை கலந்துவிட்டது. வயிற்றுப்போக்கு தொடங்கியது. ஊருக்கு வெளியே தார் ரோட்டோரம் இருக்கிற ஆரம்ப சுகாதார நிலையத்தில் கட்டில் நிரம்பி, வராந்தாவில் பாய் விரித்து, ஜன்னல் கம்பியில் சலைன் பாட்டிலைத் தொங்கவிட்டிருந்தார்கள்.

அங்கே டாக்டர் ஒரு சின்னப் பெண். திருநெல்வேலியில் ஆற்றங்கரைத் தெருவில் வாத்தியார் வீட்டில் பிறந்தவர். மீன் வாடைக்கு முதல் வாரம் முழுக்க முகத்தைச் சுளித்தார் என்று நர்சுகள் கேலி செய்வார்கள். குரல் இரண்டாம் வரிசைக்குக் கேட்காது. எனக்கு அவர் மேல் அவ்வளவாக நம்பிக்கை இல்லை. பேச்சு என்றால் அது என் துறை அல்லவா!

"குடிக்கிற தண்ணியக் கொதிக்க வச்சு, ஆற வச்சுக் குடிங்க." இதுதான் நாங்கள் சொன்னது. தெருத் தெருவாகச் சொன்னோம். ஊர் கேட்டது. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வீடு வீடாக நுழைந்து பார்த்தேன். எவர்சில்வர் குடத்தில் கொதித்து ஆறிய தண்ணீர், மேலே மூடி, பக்கத்தில் தனி டம்ளர். ஆனாலும் ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். அதிலும் கடலுக்குப் போகிற ஆம்பிளைகள்தான் அதிகம். குளோரின் கலந்த தண்ணீரை லாரியில் அனுப்பினோம். அப்போதும் நிற்கவில்லை.

அந்த நேரத்தில்தான் வாட்ஸ்அப்பில் ஒரு குரல் வந்தது. வளைகுடாவில் வேலை பார்க்கிற யாரோ ஒரு உறவுக்காரர் பேசியது. "லாரித் தண்ணியில போடுத மருந்துதான் வினையே. ஒரு சொட்டு குடிச்சிராதிய. நம்ம ஆளுவள வெரட்டிட்டுக் கரையக் காலி பண்ணப் பாக்குதாவ." விடிந்து பார்த்தால், ஊருக்குள் போகிற ஒரே சாலையில் ஒரு பழைய வள்ளத்தை இழுத்துக் குறுக்கே போட்டிருக்கிறார்கள். கனத்த மரப் படகு. லாரி வந்தது, நின்றது, வந்த வழியே திரும்பிவிட்டது. ஊர் மணலில் ஊற்றுத் தோண்டி நீர் எடுக்க ஆரம்பித்தது.

மேலதிகாரி போனில் கொதித்தார். மறுப்பு அறிக்கை அனுப்புகிறேன், வாசியுங்கள் என்றார். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? அதை விடுங்கள். அந்த வள்ளத்தின் பக்கத்தில் நின்ற ஒரு பையன்கூட என்னிடம் மரியாதை குறைவாகப் பேசவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டான். "டீச்சர், கொதிக்க வைக்கச் சொன்னிய, வச்சோம். பெறவும் எங்க அப்பாவுக்கு ஏன் வந்துச்சு?" என்னிடம் பதில் இல்லை. வளைகுடாக்காரரிடம் ஒரு பதில் இருந்தது. தப்பான பதில்தான், ஆனால் பதில். யாரை நம்புவான் அவன்?

அவன் பெயர் மைக்கேல். அவன் அப்பா சூசை வராந்தாவில் முதல் பாயில் கிடந்தார். கண் உள்ளே போய், உதடு காய்ந்து, கூப்பிட்டால் முனகல் மட்டும். அம்மா பிலோமினா மீன் விற்கிறவர். அவர் குரலுக்கு மைக்கே தேவையில்லை. அன்று மதியம் அவர் கையில் ஒரு தூக்குச்சட்டியோடு வந்து சேர்ந்தார்.

"சாப்பிட ஒண்ணும் குடுக்காம ஊசியாக் குத்திக்கிட்டுக் கெடக்கிய. இத ஒரு வாய் குடிச்சாருன்னா வயிறு குளுந்துரும்" என்று மூடியைத் திறந்தார். பழைய சோறு. மேலே தெளிந்து நிற்கிற நீச்சத்தண்ணி, மிதக்கிற சின்ன வெங்காயம். புளித்த வாசம் வராந்தாவில் பரவியது. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாத எனக்கு, உண்மையைச் சொன்னால், நாக்கில் நீர் ஊறியது.

டாக்டர் தடுக்கப் போனவர், கையை நீட்டியபடியே நின்றுவிட்டார். "அக்கா, இந்தச் சோத்துல ராத்திரி தண்ணி ஊத்துவீங்கள்ல? அது எந்தத் தண்ணி?"

"எந்தத் தண்ணின்னா? கொடத்துத் தண்ணிதான்."

"கொதிக்க வச்ச குடமா?"

பிலோமினாவுக்கு அந்த வேதனையிலும் சிரிப்பு வந்துவிட்டது. "நல்லாக் கேட்டிய! அது குடிக்கதுக்குல்லா. சோத்துக்கு ஊத்துத தண்ணிய எந்த ஊர்ல கொதிக்க வைப்பாவ?"

டாக்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "டீச்சர், உங்க வீட்ல?"

என் வீட்டிலும் அப்படித்தான். பாளையங்கோட்டையில் என் அடுக்களையில் கொதித்து ஆறிய தண்ணீர் ஒரு குடத்தில் இருக்கும். சோற்றுக்கு ஊற்றுவது குழாய்த் தண்ணீர். தன் வீட்டிலும் அதேதான் என்றார் டாக்டர். நாங்கள் மூன்று பெண்களும் அந்தத் தூக்குச்சட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றோம். ஊர் நாங்கள் சொன்னதை அட்சரம் பிசகாமல் செய்திருக்கிறது. குடிக்கிற தண்ணீரைக் கொதிக்க வைத்திருக்கிறது. லாரி வந்த நாட்களிலும் அந்தத் தண்ணீரைக் குடிக்க மட்டும்தான் எடுத்து வைத்திருக்கிறது. சோற்றுத் தண்ணீரைக் குடிநீர் என்று எந்தத் தமிழ் வீட்டிலும் யாரும் நினைப்பதில்லை. அந்தச் சோற்றைத் தூக்கில் எடுத்துக்கொண்டுதான் ஆம்பிளைகள் விடியுமுன் கடலுக்குப் போகிறார்கள். நண்பகல் வெயிலில், வள்ளத்தில் உட்கார்ந்து, அந்த நீரைத்தான் கடைசிச் சொட்டு வரை குடிக்கிறார்கள்.

பிலோமினாவின் சிரிப்பு பைய அடங்கியது. "நாளைக்கு எம் மவன் போறான் டாக்டரம்மா, அவுக அப்பாவுக்குப் பதிலா. இதத்தான் கொண்டு போவான்" என்றார். அந்த முகத்தை நான் மறக்கவில்லை.

டாக்டர் மேலதிகாரிக்குப் போன் போட்டார். அவர் சொன்னதையும் குறை சொல்ல முடியாது. சோற்றுத் தண்ணீரைச் சோதனைக்கு அனுப்புங்கள், முடிவு வரும்வரை வாயைத் திறக்காதீர்கள், பழைய சோற்றில் நோய் என்று சொன்னால் நாளைக்கே ஊர் சிரிக்கும், தவறாகிப் போனால் பிறகு நம்மை யார் நம்புவார்கள்? 'நிலைமை கட்டுக்குள் இருக்கிறது' என்று மட்டும் வாசியுங்கள்.

தாள் வந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு வராந்தாவைப் பார்த்தேன். பாய்களுக்கு நடுவே நடக்க இடமில்லை. எது கட்டுக்குள் இருக்கிறது?

அந்தி ஜெபமாலை முடிந்து கோயில் வளாகத்தில் ஊர் கூடியிருக்கும் நேரம். நானும் டாக்டரும் ஜீப்பை வள்ளத்துக்கு இந்தப் பக்கம் விட்டுவிட்டு, அதைச் சுற்றிச் சேற்றில் இறங்கி நடந்தோம். பங்குச் சாமியார் மைக்கைக் கொடுக்கும்போது, "ஊரு கொதிச்சுப் போயிக் கெடக்கு. பைய பேசுங்க" என்றார். ஒரு கையில் மைக், ஒரு கையில் தாள். நான் வாசித்தால் கணீரென்று வாசிப்பேன், வேலையும் பத்திரம். பிலோமினா முன் வரிசையில் மைக்கேலின் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு மைக்கை டாக்டரிடம் கொடுத்தேன்.

மைக் கீச்சிட்டது. டாக்டருடைய குரல் அதே சின்னக் குரல்தான். ஆனால் ஊர் அவ்வளவு அமைதியாக இருந்ததால், கடைசி வரிசை வரை கேட்டது.

"குடிக்கிற தண்ணியக் கொதிக்க வைங்கன்னு சொன்னோம். நீங்க வச்சீங்க. ஒரு வீடு விடாம வச்சீங்க. சோத்துக்கு ஊத்துற தண்ணிய நாங்க சொல்லல. எங்களுக்கே தோணல. எங்க வீட்லயும் பச்சத் தண்ணிதான் ஊத்துறோம். நீங்க செய்யுறதுல கொறை இல்ல. நாங்க சொன்னதுல கொறை."

ஒரு அரசாங்க மேடையிலிருந்து அப்படி ஒரு வாக்கியத்தை நான் அதுவரை கேட்டதில்லை. ஊரும் கேட்டதில்லை என்று அந்த முகங்களைப் பார்த்தாலே தெரிந்தது.

"நோய் அதுலதான் வருதுன்னு நான் நினைக்கேன். சோதனைக்கு அனுப்பியிருக்கு. முடிவு வரல. முடிவு வர்ற வரைக்கும் காத்திருந்தா இன்னும் நாலு பேரு படுத்துருவாங்களோன்னு பயமா இருக்கு. அதான் வந்தேன். நான் நினைச்சது தப்பா இருந்தா, தப்புன்னு வந்து சொல்லுவேன். நாளைக்கு ஜெபமாலை முடிஞ்சதும் இதே இடத்துக்கு வாரேன்."

பின்னாலிருந்து ஒருவர் கத்தினார். "அந்த லாரித் தண்ணிய நீங்க குடிச்சுக் காட்டுங்க பாப்போம்!"

நானாக இருந்தால் உடனே ஒரு டம்ளர் கேட்டிருப்பேன். டாக்டர் கேட்கவில்லை. "மைக் முன்னால ஒரு வாய் குடிச்சா அது நாடகம் அண்ணாச்சி. என் குவார்ட்டர்ஸ்லயும் அந்த லாரித் தண்ணிதான். மருந்து வாடை அடிக்கத்தான் செய்யுது, எனக்கும் பிடிக்கல. எப்ப வேணும்னாலும் அடுக்களைக்குள்ள வந்து பாருங்க."

பிலோமினா எழுந்தார். "சரி டாக்டரம்மா. பழைய சோறு இல்லாம எம் பிள்ள எதக் கொண்டு போவான்? கடல்ல வேற எது தாங்கும்?"

டாக்டர் யோசித்தார். "தெரியல அக்கா" என்றார். "அது உங்களுக்குத்தான் தெரியும்."

அவ்வளவுதான். மைக்கைக் கேட்கவோ கவனிக்கவோ பிறகு யாரும் இல்லை. பெண்கள் தங்களுக்குள் பேச ஆரம்பித்துவிட்டார்கள். கொதித்து ஆறிய தண்ணீரை ஊற்றினால் புளிக்குமா என்று ஒரு கட்சி, பைய புளிக்கும் என்று ஒரு கட்சி. சண்டை மாதிரி இருந்தது. எந்த முடிவோடு கலைந்தார்கள் என்று எங்களுக்குத் தெரியாது. வள்ளத்தைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

நான் கன்னியர் மடத்தில் தங்கினேன். விடியுமுன் சோறு வேகிற வாசனை என்னை எழுப்பியது. சாதாரணமாக அந்த ஊரில் அந்த நேரத்தில் அடுப்பு எரியாது. தயாராக இருக்கிற தூக்கை எடுத்துக் கொடுத்துவிட்டுப் பெண்கள் மறுபடி படுப்பார்கள். வெளியே வந்து பார்த்தேன். அடுக்களையை அங்கே குசினி என்பார்கள். கோயிலிலிருந்து கரை வரைக்கும் ஒரு குசினி பாக்கியில்லாமல் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அத்தனை ஜன்னலிலும் ஆவி. கரையில் ஆம்பிளைகள் வள்ளங்களைத் தள்ளத் தயாராக நின்று, "லேய், நேரமாவுது, காத்து போயிரும்" என்று முணுமுணுத்தபடி காத்திருந்தார்கள். பெண்கள் சூடு தாங்காமல் துண்டில் பிடித்துத் தூக்குகளைக் கொண்டு வந்து கொடுத்தார்கள். ஒரு நாள் மீன்பாட்டைத் தாமதமாக்கிக்கொண்டு, யாரும் அடிக்காமல், பிடிக்காமல், ஊரே பழைய சோற்றை விட்டுச் சுடுசோற்றுக்கு மாறிவிட்டது. என் ஆயுளில் நான் போட்ட சத்தம் எல்லாம் சேர்த்து இதில் கால்வாசி நடந்திருக்குமா? கரையில் உட்கார்ந்துவிட்டேன்.

ஆனால் ஊருக்குள் இன்னும் ஊற்றுத் தண்ணீர்தான். ஒரு வீட்டில் ஒரு நாள் மறந்தால் போதும். வள்ளம் சாலையின் குறுக்கே அப்படியே கிடந்தது. சோற்று விஷயத்தில் நம்பினார்கள், லாரி விஷயத்தில் நம்பவில்லை. எனக்கு அது அன்று புரியவில்லை.

மாலையானது. சோதனை முடிவு வரவில்லை. டாக்டர் பகல் முழுக்க வராந்தாவில் குனிந்து குனிந்து இடுப்பு ஒடிந்து போயிருந்தார். சூசைக்கு இன்னும் சலைன் ஏறிக்கொண்டிருந்தது. மேலதிகாரி போனில், "முடிவு வராம எதுக்குப் போறீங்க? கேள்வி கேட்டா என்ன சொல்வீங்க?" என்றார். நானும் அதையேதான் சொன்னேன். "கையில ஒண்ணும் இல்லாம போய் என்னம்மா சொல்ல?"

"ஒண்ணும் இல்லன்னு சொல்லணும் டீச்சர். வாரேன்னு சொல்லிட்டு வந்தோம்லா."

மறுபடி வள்ளத்தைச் சுற்றிச் சேற்றில் இறங்கினோம். முதல் நாளைவிடக் கூட்டம் அதிகம். கடலிலிருந்து திரும்பியவர்கள் உப்புப் பூத்த சட்டையோடு வந்து நின்றார்கள். டாக்டர் மைக்கை வாங்கினார்.

"முடிவு இன்னும் வரல. நேத்து சொன்னதுக்கு மேல இன்னிக்குச் சொல்ல என்கிட்ட எதுவும் இல்ல. வாரேன்னு சொன்னேன், வந்தேன். நாளைக்கும் வாரேன்."

மைக்கை என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டார். போச்சு, இனி கல் வரும் என்று நினைத்தேன்.

பிலோமினா எழுந்தார். "இதச் சொல்லவா இம்புட்டுத் தூரம் சேத்துல நடந்து வந்திய?"

"ஆமா அக்கா."

அவர் டாக்டரின் சேறு அப்பிய காலைப் பார்த்தார். "வெள்ளம் வந்த அன்னைக்கு எத்தனையோ பேரு வந்தாவ. நாளைக்கு வாரோம்னுட்டுப் போனாவ. திரும்பி வந்தது நீங்கதான்" என்றார். உடனே மகன் பக்கம் திரும்பினார். "ஏலே மைக்கேலு, என்னல பாத்துட்டு நிக்க? வள்ளத்த எடுங்கலே!"

மைக்கேல் மற்றவர்களைப் பார்த்தான். பிறகு நடந்தான். அவன் பின்னால் இரண்டு பேர், அப்புறம் ஒரு வரிசை, அப்புறம் கூட்டமே எழுந்து போனது. மழையில் ஊறிய மரம் மண்ணில் புதைந்து கிடந்தது. இரண்டு பக்கமும் தோள் கொடுத்து, கரையில் படகு ஏற்றும்போது போடுகிற அதே குரலைப் போட்டார்கள். முதலில் அசையவில்லை. மறுபடி குரல். வள்ளம் முனகிக்கொண்டு நகர்ந்தது. பக்கத்தில் நின்ற டாக்டர் தன் கையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். நான் வெட்கமில்லாமல் அழுதேன். மைக் என் கையில் இருந்தது. அதன் சுவிட்சை அணைத்து வைத்தேன்.

முடிவு பிறகு வந்தது. டாக்டர் நினைத்தது சரி. அதைச் சொல்லப் போன மாலை கேட்க ஆளில்லை. பெண்கள் லாரியடியில் குடத்தோடு நின்றார்கள். "அது எங்களுக்குத் தெரியும் டாக்டரம்மா, போய்ச் சாப்பிட்டுட்டுப் படுங்க" என்றார் பிலோமினா. குடத்தை நிறைத்து, முகர்ந்து, முகத்தைச் சுளித்தார். "வாடை கொமட்டுது" என்றார். ஆனாலும் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டார்.

"அதைக் கொதிக்க வச்சுத்தான குடிப்பிய?" என்று பழக்க தோஷத்தில் கேட்டேன்.

"கொதிக்க வைக்கத்தான் போறேன். ஆனா இது குடிக்க இல்ல டீச்சர்" என்று நடந்தபடியே சொன்னார். "சோத்துக்கு. நாளைக்கு அவரு வீட்டுக்கு வாராரு. வந்த ஒடனே பழையதத்தான் கேப்பாரு."